வெஸ் அடைத்த தோட்டாக்கள்

"துப்பாக்கி போல்ட் மூடலன்னா, நீ சரியாத் தள்ளியிருக்க மாட்ட," என்றான் வெஸ். ஷெட் கதவு திறந்து கிடந்ததால் தெருவுக்கே கேட்டது. கேட்காமல் இருக்கும் அளவுக்கு எங்கள் தெருவில் யாருக்கும் வேலையும் இல்லை.

"உள்ளங்கை கன்னிப்போற அளவுக்குத் தள்ளினேன்," என்றாள் அவன் மனைவி டார்லா. பனி ஒட்டிய பூட்ஸைக்கூட அவள் இன்னும் கழற்றவில்லை.

வயோமிங்கில் அந்த மலைப்பக்கம் ஆண் எல்க் மானைச் சுடக் குலுக்கலில்தான் அனுமதி விழும். வருடாவருடம் விண்ணப்பித்து, மகன்கள் வளர்ந்து வெளியூர் போன பிறகுதான் டார்லாவுக்கு விழுந்தது. நாளையோடு அதுவும் முடிகிறது. இன்னொரு தடவை விழும் என்று நம்பக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

எப்போதும் கடைத் தோட்டாதான் வாங்குவாள். இந்த முறை வெஸ் விடவில்லை. ஒரு மைலுக்கு அப்பால் தொங்கும் இரும்புத் தகட்டை அடித்துக் கோப்பை வாங்கியவன் ஆயிற்றே. வெடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளில் தானே வெடிமருந்தளந்து, குண்டு பொருத்தி, ஒவ்வொன்றையும் துடைத்துக் கொடுத்தான். பெற்ற பிள்ளைகளை அவன் அப்படித் துடைத்து யாரும் பார்த்ததில்லை.

அன்று காலையில் சரிவில் கிளைக்கொம்போடு ஒரு மான் நின்றது. டார்லா தோட்டாவை உள்ளே அடைக்கப் போல்ட்டைத் தள்ளினாள், பாதியில் சிக்கியது. அடுத்த தோட்டாவும் அப்படியே. மான் ஆற அமர மேய்ந்துவிட்டு மரங்களுக்குள் போய்விட்டது.

இப்போது ஷெட்டில் வெஸ் அதே தோட்டாவைத் தன் துப்பாக்கியில் போட்டான். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஜெயித்த முகத்தோடு நிமிர்ந்தவன் அப்படியே அடங்கிப்போனான். ஒரு துப்பாக்கியில் வெடித்த கூடு அதன் அளவுக்கே ஊதிக்கொள்ளும். குண்டு செருகும் கழுத்தை மட்டும் இறுக்கி மறுபடி நிரப்பினால் அந்தத் துப்பாக்கிக்குத்தான் பொருந்தும். அவை எல்லாம் வெஸ்ஸின் துப்பாக்கியில் வெடித்தவை. துப்பாக்கி கிளப்பில் நேற்றுச் சேர்ந்தவன்கூட முதலில் அவள் துப்பாக்கியில் போட்டுப் பார்த்திருப்பான்.

"உன் துப்பாக்கில தோட்டா போற அறை கொஞ்சம் இறுக்கம்," என்றான்.

"என் துப்பாக்கிய ஒரு தடவையாவது கையில எடுத்துப் பாத்தியா?"

ராத்திரியே சரிசெய்து தருவதாகவும், விடிந்ததும் கூட வருவதாகவும் சொன்னான்.

"வேண்டாம் வெஸ். நீ தூங்கு." அதில் கோபம்கூட இல்லை, அவ்வளவு அலுப்பு.

சாமான் கடை மூடுவதற்குள் போய் ஒரு பெட்டி தோட்டா வாங்கினாள். மறுநாள் தனியாகவே மலையேறினாள். பெரிய மான் கண்ணில் படவில்லை. பொழுது சாயும்போது, மிக அருகில், கொம்பு சரியாக வளராத ஓர் இளம் மான் வந்தது. ஒரே குண்டு. அறுத்த கறியை வண்டிவரை சுமக்க ஆள் வேண்டுமே, வெஸ்ஸைத்தான் கூப்பிட்டாள். வந்தான், ஒரு தொடையைத் தோளில் ஏற்றினான். அதோடு சும்மா இருந்திருக்கலாம்.

"இந்தத் தூரத்துக்கு நான் கல்லாலயே அடிச்சிருப்பேன்."

டார்லா தன் பங்குக் கறியைத் தூக்கிக்கொண்டாள். முன்னால் நடந்தாள். விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது என்பது எங்கள் தெருவின் கணிப்பு.

பனி உருகியதும் கறியோடு ஃப்ரீசரையும் ஏற்றிக்கொண்டு கோடி என்ற ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் குடிபோனாள். வெஸ் மறுவருடமே சுடுமைதானத்தில் புள்ளி குறிக்கும் நாடீனைக் கட்டிக்கொண்டான். அவள் மான்கறியைத் தொடவே மாட்டாளாம்.