மாப்பிள்ளை எதன்மேல் ஏறி வந்தார்?

மைக்கின் முன்னால் உட்கார்ந்ததும் பல்விந்தர் கௌர் துப்பட்டாவை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள், அது என்னவோ மாமனார் என்பதுபோல. பிறகு தொண்டையைச் செருமி, டி.வி.யில் செய்தி வாசிப்பவளின் குரலில், பாதி இந்தி கலந்து பேச ஆரம்பித்தாள். தெருமுனையில் காய் விற்பவனை அலறவைக்கும் வாய் அது.

"பேண்ஜி, வீட்ல பேசற மாதிரி பேசுங்க" என்றாள் அவள் ஓர்ப்படி சிம்ரத்.

"வீட்ல பேசற மாதிரி பேசினா கம்ப்யூட்டர் நம்மள பட்டிக்காடுன்னு நினைச்சுக்காதா, பொண்ணே?"

பஞ்சாபி பேச்சைக் கேட்டு எழுதும் இயந்திரத்துக்குக் குரல் சேர்ப்பது சிம்ரத்தின் வேலை. பஞ்சாபி புரியாத தன் ஃபோனிடமே இந்தியில் கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போய்த்தான் இதில் சேர்ந்திருந்தாள். 'இனி ஃபோன் நம்ம பேச்சைக் கேக்கும்' என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தாள். அதுதான் வினை.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஏறி வருவது பெண்குதிரைமேல்; பஞ்சாபியில் அதற்கான சொல்லைக் குரல் தாழ்த்திச் சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட அதையே குரலை ஏற்றிச் சொன்னால் குஷ்டரோகி. இந்தத் தெருவில் தொட்டில் பிள்ளைகூட இதில் தவறாது. ஆனால் மைக்கைக் கண்டதும் எல்லோருக்கும் படிப்பு வந்துவிடுகிறது. இந்திக்காரர்களைப்போல முதல் எழுத்தை மூச்சழுத்திச் சொல்லித் தொலைக்கிறார்கள். இயந்திரம் அதைத்தான் பழகிக்கொண்டது. சோதனையில் ஒரு பால்காரர் ஒரு கல்யாணத்தைப் பற்றி இயல்பாகப் பேச, அது குழம்பிப்போனது.

பட்டியாலாவிலிருந்து மேலாளர் ஃபோன் செய்தார். "சிம்ரத் ஜி, உங்க ஊர்ல மாப்பிள்ளை குஷ்டரோகி மேல ஏறி வர்றாராம். நல்ல வழக்கம்தான்." சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த தடவையும் இப்படின்னா உங்க ஊர்க் குரலே வேண்டாம். வேற ஊர் பாத்துக்கறோம்."

மறுநாள் சிம்ரத் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, எல்லோரிடமும் சம்மதம் கேட்டு, மைக்கைப் போட்டாள். யாரையும் பேசச் சொல்லவில்லை. தானே ஆரம்பித்தாள். "போன மாசம் எதிர்வீட்டுக் கல்யாணத்துல குதிரை ஒண்ணும் மிரளல. மாப்பிள்ளைதான் பயந்து குதிச்சுட்டார்."

வம்பு கிடைக்காவிட்டால்கூட இந்தத் தெரு பொறுத்துக்கொள்ளும். தப்பான வம்பைப் பொறுக்காது.

"யாருடி சொன்னா?" என்று எகிறினாள் எதிர்வீட்டு சந்த் கௌர், மாப்பிள்ளையின் அம்மா. "என் பிள்ளை சிங்கமாட்டம் உக்காந்திருந்தான். அந்தக் குதிரைதான் பேண்டு சத்தத்துக்குத் துள்ளுச்சு!"

"சிங்கமா?" பல்விந்தரின் துப்பட்டா தோளுக்கு இறங்கியது. "குதிரையோட கழுத்தைக் கட்டிக்கிட்டு அம்மா அம்மான்னு கத்தினது எந்தச் சிங்கம்? குதிரை பாவம், அதுக்கு மூச்சு முட்டித்தான் ஓடுச்சு!"

"ஓசிச் சோறு தின்னுட்டு பேசற பேச்சைப் பாரு!"

குதிரை, குதிரை என்று அறை முழுக்கக் குளம்படி. அத்தனையும் அடித்தொண்டையிலிருந்து வந்த சுத்தமான குதிரைகள். சிம்ரத் உதட்டைக் கடித்துக்கொண்டு மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சண்டை ஓய்ந்து டீ வந்ததும் மெதுவாகக் கேட்டாள்: "இதை அனுப்பலாமா?"

"அனுப்பு" என்றாள் பல்விந்தர். "நியாயம் என் பக்கம்னு எழுதி அனுப்பு."

சந்த் கௌர் முறைத்தாள். ஆனாலும் தலையாட்டினாள்.

சில வாரங்கள் கழித்து மேலாளர் அழைத்தார். இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. "குதிரை குதிரையாவே வருது, சிம்ரத் ஜி. உங்க தெருவை இன்னும் கொஞ்சம் சண்டை போடச் சொல்லுங்க. எவ்வளவு வந்தாலும் எடுத்துக்கறோம்."

சோதனைக்கான செயலியை ஃபோனில் ஏற்றிக்கொண்டு சிம்ரத் வாசலுக்கு ஓடினாள். தெருவே அவளைச் சுற்றி நின்றது. பேசச் சொன்னதும் பல்விந்தரின் கை பழக்கத்தில் துப்பட்டாவுக்குப் போனது. வாயைத் திறப்பதற்குள் எதிர் மொட்டைமாடியிலிருந்து சந்த் கௌர், கீழே நடப்பது தெரியாமல், தொண்டை கிழியக் கத்தினாள்: "பல்விந்தரே, உங்க எருமை என் முள்ளங்கியை மேயுது, வந்து புடி!"

யாரும் எருமையைப் பார்க்கவில்லை. சிம்ரத்தின் உள்ளங்கையிலிருந்த ஃபோனில், பஞ்சாபியின் குர்முகி எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. முதலில் பல்விந்தர், பிறகு எருமை, பிறகு முள்ளங்கி.