மணல் போன முற்றம்

வீட்டில் அவருக்குப் 'பளபளா' என்று பட்டப்பெயர். வைத்தது மனைவி, பரப்பியது பக்கத்து வீட்டார். கார் கண்ணாடியில் ஒரு கைரேகை விழுந்தால்கூட மனிதருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர், இடுப்பு ஆபரேஷன் முடிந்து அக்கா வருகிறாள் என்றதும் பின்முற்றத்தைச் சும்மா விடுவாரா? தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் மிஷினை வாடகைக்கு எடுத்துவந்து பாசி, கறை எல்லாவற்றையும் விரட்டினார். தரையில் பதித்திருந்த பேவர் கற்கள் புதுசாக மின்னின. கற்களுக்கு இடையில் இருந்த மணலும் தண்ணீரோடு போய்ச் சேர்ந்தது. நாலே நாளில் கால் வைத்த இடமெல்லாம் கடகடவென்று ஆடியது.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் முன்வாசலில் ஏழு படி. வாக்கர் பிடித்து நடக்கிற அக்காவுக்குப் பின்முற்றம்தான் வழி. அவள் இடுப்பை முறித்துக்கொண்டதே ஆடிய நடைபாதைக் கல் ஒன்றில் தடுக்கித்தான். "தரை ஆடுச்சுன்னா நான் உள்ள வரமாட்டேன்டா. திரும்ப ஆஸ்பத்திரிக்கே போயிடுறேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டாள். நாளை நாலு மணிக்கு வருகிறாள்.

கல் பதிக்கும் வேலை செய்கிற அம்மா ஒருவர் இன்று காலையிலேயே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நடை நடந்தார்.

"மிஷின் முனைய இடுக்குக்கு நேரா பிடிச்சீங்களா சார்?"

"ஆமா. அழுக்கு போகணும்ல?"

"அழுக்கு போச்சு. கல்ல இறுக்கிப் பிடிச்சிருந்ததும் போச்சு."

பளபளா அசட்டுச் சிரிப்போடு, தயாராக வாங்கி வைத்திருந்த சிமென்ட் மூட்டையைக் காட்டினார். "இத ஊத்தி அடைச்சிட்டா?"

"மழைத் தண்ணி எங்க போகும்? மூட்டைய உள்ள வைங்க" என்றார் அந்த அம்மா. பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார். "உங்க அக்கா எப்படி நடப்பாங்க?"

பளபளாவுக்குத் தெரியவில்லை. திரைச்சீலை என்ன நிறம், மெத்தை எந்தப் பக்கம் என்று அக்காவிடம் தினமும் கேட்டவருக்கு இது கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அங்கேயே நின்று போன் போட்டார்.

"முதல்ல வாக்கர், அப்புறம் இடது கால், அப்புறம் வலது. ஒரு எட்டுக்கு அரையடிதான்டா" என்றாள் அக்கா.

அந்த அம்மா சமையலறையிலிருந்து நாலு கால் ஸ்டூல் ஒன்றை வாங்கி, அதைப் பிடித்தபடி அக்கா நடப்பதுபோலவே நடந்தார். அரையடி, அழுத்தம், அரையடி, அழுத்தம். ஸ்டூல் கால் பட்டு எந்தக் கல் 'டிக்' என்றதோ அதில் சாக்பீஸ் கோடு. முப்பத்தொரு கல். இப்படி ஒரு சுத்தமான வேலையைப் பளபளா அதுவரை கண்டதில்லை. சுத்தம் என்பது துடைப்பதில் மட்டும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கற்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, அடியில் மணலை நிரவி, சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைத்தார். பிறகு காய்ந்த மெல்லிய மணலைக் கொட்டி, துடைப்பத்தால் குறுக்கும் நெடுக்குமாகத் தள்ளினார். கற்களின் மேல் அதிர்வு மிஷினை ஓட்டினார். மணல் உள்ளே இறங்கியது. மறுபடி கொட்டினார், மறுபடி தள்ளினார். இடுக்கெல்லாம் நிறைகிறவரை விடவில்லை.

முற்றம் முழுக்க மணல் தூசி. பளபளாவின் கை தானாகத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனது.

"சார்!"

கை திரும்பி வந்தது. மறுநாள் நாலு மணி வரை அந்தத் தூசியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததுதான் அவர் வாழ்நாள் சாதனை என்று மனைவி இன்றும் சொல்கிறாள்.

அக்கா வந்தாள். முற்றத்தின் ஓரத்தில் நின்று, வாக்கரை வைத்து அழுத்திப் பார்த்தாள். சத்தமே இல்லை. இடது கால். வலது கால். பளபளா பக்கத்திலேயே நடந்தார். கதவுவரை வந்துவிட்டாள். அவர் கதவைத் திறந்து பிடித்தார்.

அக்கா உள்ளே போகவில்லை. வாக்கரை மெதுவாகத் திருப்பினாள்.

"என்னக்கா, எங்க போற?"

"கதவ மூடுடா" என்றாள் அக்கா. "இன்னொரு தடவ நடந்துட்டு வரேன்."