நண்டம்மா நல்ல பொண்ணு இல்லை

பதிப்பகத்தில் அவளைப் ‘பிறந்தார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சிறுவர்களுக்காக அவள் எழுதிய வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் அந்தச் சொல்லில் முடியும் வாக்கியத்தோடு தொடங்குவதால் வந்த பெயர். விஞ்ஞானியோ, வைத்தியரோ, விமானியோ, முதல் பக்கத்தில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தாக வேண்டும். பக்கத்தைப் புரட்டினால் அம்மாவுக்கு ஒத்தாசை செய்துகொண்டிருப்பார். அப்புறம் ஒரு நல்லாசிரியர் வந்து முதுகில் தட்டிக்கொடுப்பார். கஷ்டம், விடாமுயற்சி, வெற்றி, கடைசியில் ‘நாமும் அவர்போல’ என்று ஒரு பத்தி. இதையெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவாள். எழுதப்பட்டவர்களும் எப்போதோ கண்ணை மூடியவர்கள் என்பதால் இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

இந்த முறை உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார் முதலாளி. கழிமுகச் சேற்றில் யாருமே பார்த்திராத ஒரு நண்டு இனத்தைக் கண்டுபிடித்துப் பேர் வாங்கிய அம்மாள் அவர். பத்திரிகைகள் வைத்த பெயர் நண்டம்மா.

பிறந்தார் போன் செய்தபோது அவர் முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

“எனக்கு இப்ப கை ஒழியலைங்க. உங்களுக்கு எப்படித் தோதுப்படுதோ அப்படி எழுதிக்கோங்க.”

தோதுப்பட்டபடியே எழுதினாள். நண்டம்மா கடலோரத்தில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். பிள்ளைகள் கல்லால் அடித்த நண்டு ஒன்றைப் பாவாடையில் ஏந்திக் கொண்டுபோய்க் கடலில் விட்டார். வகுப்பில் எப்போதும் முதலிடம். நண்டின் மேல் கொண்ட கருணையால் வாழ்நாளில் ஒரு நண்டைக்கூட வாயில் வைத்ததில்லை. ஓவியர் அந்தப் பாவாடைக் காட்சியை அட்டைக்கே வரைந்து கொடுத்தார். படத்தில் நண்டுகூட நன்றியோடு பார்த்தது.

வெளியீட்டு விழா ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் நடந்தது. நண்டம்மா ரப்பர் செருப்போடு மேடையேறி உட்கார்ந்தார். தலைமையாசிரியை வரவேற்புரையை இழு இழுவென்று இழுத்துக்கொண்டிருக்க, மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். முதன்முறையாக இப்போதுதான் படிக்கிறார் என்பது அருகில் இருந்த பிறந்தாருக்கு உறைத்தது. கொஞ்ச நேரத்தில் நண்டம்மாவின் தோள்கள் குலுங்கின. ஐயோ, மனசு உருகி அழுகிறார்போல என்று பிறந்தாருக்கு ஒரு பெருமை வந்தது. திரும்பிப் பார்த்தால், அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

பேச எழுந்தவர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

“இந்தப் பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணுங்க. இவ மட்டும் எங்க தெருவுல இருந்திருந்தா, நான் இவகூடப் பேசியிருக்கவே மாட்டேன்.”

அரங்கம் கொல்லென்று சிரித்தது. பிறந்தாருக்கு நாற்காலியோடு சேர்ந்து பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது.

“நண்டைக் கல்லால அடிச்ச கூட்டம்னு ஒண்ணு இதுல வருது பாருங்க, அதுல நானும் உண்டு. எனக்குக் குறி தப்பாது.”

முன்வரிசையில் முதலாளி இருமினார். நண்டம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. மீனைப் படிக்க ஆசைப்பட்டுத்தான் கல்லூரிக்குப் போனாராம். கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாரும் மீனை எடுத்துக்கொண்டுவிட, மிஞ்சியது நண்டு. விலங்கியலிலேயே இரண்டு தடவை பெயில். முதல்முதலில் ‘புது இனம்’ என்று அவர் ஊருலகமெல்லாம் அறிவித்தது, எல்லாருக்கும் தெரிந்த ஒரு நண்டின் குஞ்சு.

ஒரு சிறுமி எழுந்தாள். “அப்ப எல்லாரும் சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்களாவா? வெளிநாட்டுல இருந்தெல்லாம் மெனக்கெட்டு எழுதிச் சிரிச்சாங்க.”

“நீங்க அழுதீங்களா?”

“அழுதேன். அப்புறம் பசிச்சுது. சாப்பிட்டேன். மறுபடி கொஞ்சம் அழுதேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் வேற என்ன செய்யறது? நண்டைத் தவிர எனக்கு எதுவும் தெரியாதே. திரும்பச் சேத்துலயே போய் நின்னேன்.”

பின்வரிசையில் ஒருவன் கையை உயர்த்தினான். “நண்டு சாப்பிடுவீங்களா?”

“நல்லாச் சாப்பிடுவேன். கண்டுபிடிச்ச அந்த ஒண்ணை மட்டும்தான் விட்டுவெச்சேன்.”

மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் தன் புத்தக விழாவில் ஒரு பிள்ளை வாயைத் திறந்து ‘அப்புறம்’ என்று கேட்டு அவள் பார்த்ததில்லை. கொட்டாவிக்குத் திறந்த வாய்களைத்தான் பார்த்திருக்கிறாள். கோபம் ஒரு பக்கம் பொங்க, இன்னொரு பக்கம் அவள் கை தன்பாட்டில் அழைப்பிதழின் பின்புறத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியையின் அறையில் தேநீர் கொடுத்தார்கள். பிறந்தார் நேராக நண்டம்மாவிடம் போனாள்.

“தோதுப்பட்டபடி எழுதச் சொன்னது நீங்கதானே? இப்படி மேடையில வெச்சு மானத்தை வாங்கிட்டீங்களே.”

“சொன்னேன்தான். அதுக்காக, நான் செத்துட்ட மாதிரி எழுதுவீங்கன்னு யாரு கண்டா?”

பிறந்தாருக்குச் சுருக்கென்றது. ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள்.

“உங்களைக் குறை சொல்லலைங்க,” என்றார் நண்டம்மா, குரலைத் தணித்து. “பெயிலான அன்னைக்கு நானும் இந்த மாதிரி ஒரு புத்தகம்தான் படிச்சேன். அதுல வந்தவர் எதுலயும் தோத்ததே இல்லை. சரி, நாம இதுக்கெல்லாம் லாயக்கில்லைன்னு ஒரு வருஷம் வீட்டுல படுத்துட்டேன்.”

மறுநாள் முதலாளியின் அறையில் ரகளை. பெயிலானதையெல்லாம் பிள்ளைகள் முன்னால் பேசலாமா என்று சில பெற்றோர் போன் போட்டிருந்தார்கள்.

“ஏம்மா, அந்தம்மாவை யாரு வாயைத் திறக்கச் சொன்னது?”

“சார், புத்தகத்தை மாத்தி எழுதறேன். இந்தத் தடவை அவங்களைக் கேட்டு.”

“அச்சடிச்சு அடுக்கி வெச்சிருக்கறதை என்ன பண்றது? ஊறுகாயா போடறது?”

“அது உங்க பாடு சார். நீங்க போடலைன்னா வேற யாராவது போடுவாங்க.”

தான் இப்படிப் பேசுவாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. முதலாளியும் எதிர்பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கடைசியில், “நீதி மட்டும் இருக்கணும்” என்று இறங்கி வந்தார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு பல நாள் காலையில் கழிமுகத்துக்குப் போனாள். செருப்பைச் சேறு விழுங்கியது. நண்டு ஒன்று அவள் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. அவள் கத்திய கெட்ட வார்த்தையைக் கேட்டு நண்டம்மா மெச்சிக்கொண்டார். புதுப் புத்தகம் பெயிலில் தொடங்கியது. நண்டம்மா பிறந்த செய்தி நடுவில் எங்கோ ஒரு வரியில், போனால் போகிறதென்று வந்தது. நீதி வரவேயில்லை. முதலாளி கடைசிப் பக்கத்தைத் தேடிப் பார்த்துப் பெருமூச்சு விட்டு அச்சுக்கு அனுப்பினார். பள்ளி நூலகங்களில் அது கிழிந்து, ஒட்டி, மறுபடியும் கிழிந்தது.

அடுத்து ஏழைகளுக்காகவே வாழ்ந்து மறைந்த ஒரு கண் மருத்துவர். பிறந்தார் இந்த முறை அவருடைய வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினாள். மருத்துவரின் மகள் அலமாரி நிறைந்த கேடயங்களைக் காட்டி, அப்பா ஒரு தெய்வப் பிறவி என்று ஆரம்பித்தாள்.

“அதெல்லாம் எழுதிட்டாங்க,” என்றாள் பிறந்தார். “வீட்டுல எப்படி இருப்பார்?”

மகள் எழுந்துபோய்க் கூடத்துக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். நாற்காலியை இழுத்து எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“சீட்டாட்டத்துல எங்கப்பா மாதிரி ஒரு திருட்டு ஆளை நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க,” என்றாள். அதைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது.