இரும்புக் காலுக்கு ஒரு செம்பு தண்ணீர்

கரியாலூருக்கு மேலே பாறைக்களத்தில் இருசம்மாளின் சாமைக்கட்டுகள் போராகக் குவிந்து கிடந்தன. அடுத்த வருஷம் வரைக்கும் அவள் வூட்டு அடுப்பு எரிய வேண்டிய தானியம் மொத்தமும் அதில்தான் இருந்தது. மழைக்கு முன்னால் மாடு கட்டி மிதித்துத் தூற்றி எடுத்தாக வேண்டும். நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். மேற்கே மேகம் கருத்துக்கொண்டு வந்தது. களத்திலோ மாடு இல்லை, கேமரா நின்றது.

எல்லாம் கொழுந்தன் வீரமணி செய்த வேலை. "ஒரு மணி நேரம் அண்ணி, அதுக்கு மேல கேக்க மாட்டாங்க" என்று விடியலில் வந்து நின்றான். வட்டமான இந்தப் பாறையைப் பார்த்ததுமே டைரக்டருக்கு அது வேற்றுக்கிரகத்து மேடையாகத் தெரிந்துவிட்டதாம். வீரமணிக்குப் படத்தில் பிணமாக ஒரு வேஷமும் கிடைத்திருந்தது. ஒரு மணி நேரம் உச்சிவெயிலாகிவிட்டது. பிணம் களத்து நடுவில் படுத்துக்கொண்டு பீடிக்கு ஏங்கியது.

"கதை இன்னாடா?" என்றாள் இருசம்மாள், களத்து ஓரத்தில் குந்தியபடி.

"ஒரு போலீஸ்காரன் அண்ணி. அவனுக்கு ரெண்டு காலயும் எடுத்துட்டு இரும்புக் காலு வெச்சிடறாங்க."

"லாரில மாட்டிக்கினானா?"

"இல்ல, நல்ல காலுதான்."

"நல்ல காலயா வெட்டுனாங்க? எதுக்கு?"

"வேகமா ஓடத்தான். வில்லன புடிக்கணும்ல?"

"வில்லன் அவ்ளோ வேகமா ஓடறானா?"

"அவனுக்கும் இரும்புக் காலு."

"ரெண்டு பேரும் சொந்தக் காலுலயே ஓடியிருந்தா இன்னா கொறஞ்சிருக்கும்?"

"படம் கொறஞ்சிருக்கும்" என்றது பிணம்.

டைரக்டர் விஜயராகவன் கள்ளக்குறிச்சியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். மாப்பிள்ளை முகத்தை ரோஜாப்பூவுக்குள் சுழல விட்டே பேர் வாங்கியவர். இப்போது மனுஷனையும் எந்திரத்தையும் ஒன்றாக்கக் கிளம்பிவிட்டார். விசில் ஊதினார். வேனுக்குள்ளிருந்து கதாநாயகன் இறங்கினான். தியாகதுருகத்தில் ஜிம் நடத்தும் ராஜேஷ்தான் அது. பாதத்திலிருந்து தொடை வரைக்கும் வெள்ளியாக மின்னியது. முழங்காலில் பிள்ளையார் ஊர்வலத்து சீரியல் பல்பு எரிந்து எரிந்து அணைந்தது. நூறு ஆள் பலம் உள்ளவனை ரெண்டு பேர் அக்குளில் கை கொடுத்து நடத்தி வந்தார்கள்.

"தம்பி, அங்கயே நில்லு. செருப்ப கழட்டிட்டு ஏறு."

"நான் செருப்பே போடலீங்கக்கா."

"கால்ல இருக்கறது இன்னா?"

முதல் படி தானியம் அளந்து சாமிக்குப் பொங்கல் வைக்கிற வரைக்கும் களத்தில் செருப்புக் கால் படக் கூடாது. கணக்கெடுக்க வந்த அதிகாரியே பூட்சைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்.

டைரக்டர் ஓடி வந்தார். "அம்மா, அது செருப்பு இல்லீங்க. காலு."

"கழட்டினா வருமில்ல?"

"வராதுங்க. விடிகாலைலருந்து ஒட்டினது. கதைலயும் அது கழலாது. ஒடம்போட சேந்துருச்சு, நரம்பெல்லாம் உள்ள போவுது. அவனுக்கு அதான் காலு."

"சத்தியமா காலுதான?"

"சத்தியமா காலுங்க."

இருசம்மாள் அவரை மடக்க நினைக்கவில்லை. செருப்பா காலா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்துவிட்டது. பக்கத்திலிருந்த குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டாள்.

"காலுன்னா சரி. கழுவிட்டு ஏறு."

"கழுவறதா?"

"களத்துல ஏறுற காலு எல்லாம் கழுவித்தான் ஏறும்."

"நானே கழுவிட்டுத்தாங்க செத்துக் கெடக்கறேன்" என்றான் வீரமணி, கண்ணைத் திறக்காமல்.

"ஈரத்துணியால தொடச்சிக்கலாமாம்மா?" என்றார் டைரக்டர்.

"உன் வூட்டு சாமி ரூமுக்கு நீ தொடச்சிக்கினுதான் போறியா?"

ராஜேஷுக்கு உள்ளே காலையிலிருந்து வேர்த்து ஊறி அரித்துக்கொண்டிருந்தது. காலை நீட்டினான். "ஊத்துங்கக்கா."

ஊற்றினாள். வெள்ளி வழிந்து பாறையோரம் ஓடியது. பல்பு ரெண்டு தரம் துடித்து அணைந்தது. தெர்மாகோல் தனியாகவும் பசை தனியாகவும் பிரிய, உள்ளிருந்து காக்கி அட்டை தலைகாட்டியது. 'கவனம், உடையும் பொருள்' என்று அதில் அச்சடித்திருந்தது. அடுத்த செம்பில் பாதம் கழன்று, கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டிய பாதம் ஒன்று வெளியே வந்தது.

"இன்னாம்மா இப்டி பண்ணிட்டீங்க? கிளைமாக்ஸே போச்சு."

"நானா காலுன்னு சொன்னேன்? தண்ணி பட்டா கரையுது. இவன்கிட்டருந்து தப்பிக்க வில்லனுக்கு எதுக்கு இரும்புக் காலு? ஒரு கொடம் தண்ணி போதும்."

அவள் சொல்லி முடிக்கும்போதே புறங்கையில் ஒரு துளி விழுந்தது. அவள் முகம் மாறியது. அதற்குப் பிறகு அவளுக்கு டைரக்டரும் இல்லை, படமும் இல்லை. சாமைப்போர் திறந்து கிடந்தது. தார்ப்பாய் வூட்டில் இருந்தது. வூடு பள்ளத்தில் இருந்தது. போய் வருவதற்குள் எல்லாம் நனைந்துவிடும். சுற்றிப் பார்த்தாள். களத்துக்குப் பின்னால் மூங்கில் நட்டு, ஒரு வூட்டுக்கூரை அகலத்துக்குக் கெட்டியான பச்சைத்துணி இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"வீரமணி, எழுந்து அத அவுரு."

"அம்மா, அது கிரீன்மேட்டுங்க. கம்ப்யூட்டர்ல போட்டா அதுலதான் வேற்றுக்கிரகம் வரும்."

"வரட்டும். மொதல்ல சாமை வூடு வரட்டும்."

பிணம் எழுந்து மூங்கிலைப் பிடுங்கியது. ராஜேஷ் மிச்சமிருந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, கழுவிய காலோடு களத்தில் ஏறி ஒரு முனையைப் பிடித்தான். காற்று துணியைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. இருசம்மாளும் ஒரு முனையை இழுத்துப் பிடித்தாள். மற்றவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வேனுக்குள் ஓடிவிட்டதால் நாலாவது முனைக்கு ஆள் இல்லை.

"சார், இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? செருப்ப கழட்டிட்டு வா."

டைரக்டர் கழற்றினார். மழையே அவர் காலைக் கழுவிவிட்டது. போரைச் சுற்றி நாலு பேரும் துணியின் முனையை மிதித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார்கள். மழை அடித்து ஓய்கிற வரைக்கும் யாரும் அசையவில்லை.

ஓய்ந்ததும் இருசம்மாள் துணிக்கடியில் முழங்கை வரைக்கும் கையை விட்டு, ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்தாள். வாயில் போட்டுக் கடித்தாள். நறுக்கென்றது. அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"அம்மா, வெயில் வந்துடுச்சு. ஒரு மணி நேரம் மட்டும்..." என்று ஆரம்பித்தார் டைரக்டர்.

"இப்ப மாடு வரும்."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். "மாட்ட படத்துல எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்க. ஆனா அதுங்க கால்ல எதயும் ஒட்டாத."