கம்பளி நாடாவின் முடிச்சு

ரோமில் ஒரு மனைவியின் மானம் என்பது இரண்டு முழக் கம்பளி நாடா. அது கூந்தலில் இருந்தால் தெருக்கூட்டம் ஒதுங்கி வழிவிடும். இல்லாவிட்டால் அதே கூட்டம் விலை கேட்கும். வொலூசியாவின் மானத்தைத் தினமும் காலையில் கட்டிவிடுவது மெலித்தேயின் வேலை. தலைவாரத் தெரிந்த அடிமை என்று சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்கப்பட்டவள்.

அன்று வொலூசியா காய்ச்சலில் கிடந்த அத்தையைப் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பினாள். விருந்துக்குச் சுருள்கொண்டை போட வேண்டும். நாடாவை அவிழ்க்கப் போன மெலித்தேயின் விரல்கள் பின்கழுத்தில் நின்றுவிட்டன. காலையில் அவள் போட்டது தட்டை முடிச்சு. இப்போது இருந்தது இரட்டைச் சுற்று, குறுக்கே ஒரு கண்ணி. படைவீரர்கள் செருப்பு வாரில் போடுவது.

அத்தைக்குக் காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள். படையில் சேர்ந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை.

"என்னடி, நின்னுக்கிட்டே தூங்குறியா?"

"முடிச்சு இறுக்கமா இருக்கும்மா."

"சீக்கிரம் அவுத்துடு. அவர் வந்துடப் போறாரு."

அவர் வந்தேவிட்டார். வொலூசியாவின் கணவர் கார்போ, சிரியாவில் பன்னிரண்டு வருடம் படையில் இருந்தவர். மனைவி தலையில் காக்கை கூடு கட்டினாலும் கவனிக்க மாட்டார். செருப்பு முடிச்சை மட்டும் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

"நல்ல முடிச்சு. யார் போட்டது?"

வொலூசியா கண்ணாடியில் தன் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எசமானி மேல் பழி வந்தால், கூட இருந்த அடிமையைத்தான் முதலில் இழுத்துப் போவார்கள். அது அடுப்படியில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

"நான்தாங்க எசமான்," என்றாள் மெலித்தே.

"எங்கே, அவுத்துட்டுப் போட்டுக் காட்டு."

மெலித்தே மெதுவாக அவிழ்த்தாள். ஒவ்வொரு இழையும் எங்கிருந்து வருகிறது என்று விரலால் எண்ணிக்கொண்டாள். பிறகு விரல்கள் அதே வழியில் திரும்பி நடந்தன. சுற்று, இன்னொரு சுற்று, கண்ணி. இறுக்கினாள். பிசகவில்லை.

கார்போ குனிந்து பார்த்தார். "பரவாயில்லையே! என் படையில இருந்திருந்தா உனக்குப் பதவி குடுத்திருப்பேன்."

சிரித்தார். மெலித்தேயும் சிரித்தாள். எசமான் சிரித்தால் சிரிப்பதும் வேலையில் சேர்த்திதான்.

"இதையே நாளைக்கு நீதிபதி முன்னாடி சொல்லிடு."

"நீதிபதியா? எதுக்கு?" வொலூசியா திரும்பினாள்.

"போன வாரம் உன்னை அந்தத் தளபதி வீட்டு வாசல்ல பார்த்த ரெண்டு பேர் கிடைச்சாங்க. காலையிலயே உன் மேல வழக்குப் போட்டாச்சு. இனி இந்த முடிச்சையும் அங்கே கேட்பாங்க." கார்போ மேலங்கியைச் சரிசெய்துகொண்டார். "நான் இவளை நம்புறேன். சட்டம்தான் நம்பாது. அடிமை சும்மா சொன்னா அது வெறும் பேச்சு. சாட்சியா எடுத்துக்கணும்னா மரச்சட்டத்துல கட்டி, கையும் காலும் இழுத்துவிட்டுத்தான் கேட்கணும். நான் எழுதின சட்டமா என்ன? அப்பவும் இவ இதே பதில்ல நின்னா, நீ தப்பிச்சே."

சாப்பாட்டில் மீன் உண்டா என்று விசாரித்துவிட்டு வெளியே போனார்.

கூந்தல் சுருட்டும் கம்பி சாம்பலில் காய்ந்துகொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை. வொலூசியா கண்ணாடி வழியாக மெலித்தேயின் முகத்தைப் பார்த்தாள். வாங்கி வந்த நாளிலிருந்து இன்றுதான் முதல்முறை.

"மெலித்தே... நீ வலி தாங்குவியாடி?"

"தெரியலம்மா," என்றாள் அவள். "இதுவரைக்கும் யாரும் கேட்டுட்டுச் செஞ்சதில்ல."