இருபதுக்கு இருபது

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளை டீச்சரம்மா என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் ஊசி டீச்சர். பதினாறு வருஷம் நர்ஸாக வார்டு வார்டாக ஓடி முட்டி தேய்ந்தவள், இந்த வருஷம்தான் தரைத்தளத்தில் ஒரு அறையைக் கெஞ்சி வாங்கி, ஊழியர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். கூடவே ஆராய்ச்சி. வகுப்புக்கு முன்னால் ஒரு கேள்வித்தாள், முடிந்த கையோடு அதே கேள்வித்தாள். அதன் பிறகு ஒரு மாதத்தில் எத்தனை ஊழியர்களுக்குக் கைதவறி ஊசி குத்தியது என்ற கணக்கு. முடிவு நன்றாக வந்தால் வகுப்பு நிரந்தரம். இல்லையென்றால் அவள் மறுபடியும் வார்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த ஒரு மாதம் இன்றோடு முடிகிறது. மூன்று மணிக்கு அறிக்கை, ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பேராசிரியர் மேசைக்குப் போயாக வேண்டும். மூன்றாம் மாடிதான் அவளுடைய பெருமை. அங்கே முன்பு மாதம் ஐந்து பேருக்காவது ஊசி குத்தும். இந்த மாதம் சைபர். அந்த சைபரை அவள் தடித்த எழுத்தில் போட்டிருந்தாள்.

அதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. வகுப்புக்கு வா என்றால் ஒருவருக்குத் தலைவலி, இன்னொருவருக்கு டூட்டி மாறிவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கற்றவர்கள். அவர்கள் விழிக்கிற ஒரே நேரம், பெட்டி விளக்கம். பயன்படுத்திய ஊசியைப் போடுவதற்கென்று கெட்டி பிளாஸ்டிக்கில் ஒரு மஞ்சள் பெட்டி உண்டு. மேலே சின்ன வாய். உள்ளே போனது வெளியே வராது. டீச்சரம்மா ஒரு புது ஊசியை உறையிலிருந்து பிரித்து, கையை உயரத் தூக்கி, பெட்டிக்குள் போட்டுக் காட்டுவாள். டக் என்று விழும். "அவ்ளோதாங்க. இதுக்கு எதுக்கு டாக்டர் படிப்பு?" என்பாள். சிரிப்பார்கள். தாளில் சரியாக எழுதுவார்கள். நடுநடுவே மூன்றாம் மாடி ஹெட் நர்ஸ் வேறு ஃபோன் அடித்துக் கழுத்தறுப்பாள். ஆட்களை அனுப்பாமலிருக்கச் சாக்குத்தான் சொல்லப் போகிறாள் என்று டீச்சரம்மா "வகுப்புல இருக்கேன்" என்று வைத்துவிடுவாள். இந்த மாதத்தில் மூன்று தடவை அப்படி ஆயிற்று.

பதினொரு மணிக்குக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள் அவளுடைய தம்பி பெண்டாட்டி. மூன்றாம் மாடியில் துப்புரவு வேலை. வேலையை வாங்கிக் கொடுத்ததே டீச்சரம்மாதான். வீட்டில்தான் அண்ணி, இங்கே டீச்சரம்மா என்று அன்றைக்கே கண்டித்துச் சொல்லியிருந்தாள். பரீட்சையில் இருபதுக்கு இருபது வாங்கியவள் இவள். அதை அண்ணிக்காரி நாலு பேரிடம் சொல்லிப் பூரித்தும் இருந்தாள்.

"அண்ணி, ஊசி குத்திடுச்சு."

உள்ளங்கையில் ஒரு சிவப்புப் புள்ளி. சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவினாளாம். பிதுக்கவில்லையாம். நேராக இங்கே வந்துவிட்டாளாம். சொல்லிக் கொடுத்ததை வரிசை மாறாமல் ஒப்பித்தாள்.

டீச்சரம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பயமும் கோபமும் ஒன்றாக வந்தால் அவளுக்குக் கோபம்தான் முதலில் வெளியே வரும். மாதம் முழுக்கக் கரடியாகக் கத்தியும் இதுதான் பலனா? வீட்டில் ரெண்டு வயசுப் பிள்ளை இருப்பது நினைவில்லையா? யாருக்குப் போட்ட ஊசியோ, அவனுக்கு என்ன வியாதியோ. மூன்று மாதம் ரத்தத்தைச் சோதித்துச் சோதித்துப் பார்த்துத்தான் நிம்மதி வரும். அதுவரை தம்பி முகத்தில் எப்படி விழிப்பது?

"குப்பைப் பைய எப்படிடீ தூக்கணும்?"

"கழுத்தப் பிடிச்சு. அப்படித்தான் தூக்கினேன். அடியில கிழிஞ்சு கொட்டப் பாத்துச்சு, கையக் குடுத்துட்டேன்."

குப்பைப் பையில் ஊசி. அப்படியானால் வேறு எவளோ நர்ஸ் போட்டிருக்கிறாள். டீச்சரம்மா ஃபோனை எடுத்து மூன்றாம் மாடிக்கு அடித்தாள். ஹெட் நர்ஸ் எடுத்ததும் பிடிபிடியென்று பிடித்தாள். வகுப்பில் உட்கார்ந்து டீ குடித்ததுதான் மிச்சமா, மஞ்சள் பெட்டி என்று ஒன்று இருப்பது உங்கள் ஆட்களுக்கு மறந்துவிட்டதா, யார் போட்டது, எனக்குப் பேர் வேண்டும் என்றெல்லாம் கேட்டாள்.

ஹெட் நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"டீச்சரம்மா, எங்க பெட்டி உங்க மேசை மேலதான இருக்கு. வகுப்புல காட்டணும், ரெண்டு நாள்ல தரேன்னு எடுத்துட்டுப் போனீங்க. ஸ்டோர்ல புதுசு அடுத்த மாசம்தான்னுட்டான். அதக் கேக்கத்தான் மூணு தடவ ஃபோன் பண்ணேன்."

டீச்சரம்மா ஃபோனை வைத்தாள். பெட்டி மேசைமேல்தான் இருந்தது. மூன்றாம் மாடி என்று மூடியில் ஒட்டியிருந்த சீட்டுகூட அப்படியே இருந்தது. மற்ற மாடிகளின் பெட்டிகள் கறை பிடித்துக் கிடந்தன, வகுப்பில் வைக்க நன்றாக இருக்காது என்று, இதைத்தான் தேர்ந்தெடுத்துக் கொண்டு வந்தாள். வாங்கிய இரண்டாம் நாளே மறந்தும் போனாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. தெனமும் பையிலதான போடறாங்க."

"சொல்றதுக்கென்ன?"

"அன்னிக்கு வகுப்புல கையத் தூக்கினேன். கடைசில கேளுன்னீங்க. கடைசில தாளக் குடுத்துட்டீங்க." அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஊசிய எங்க போடணும்னுதான் தாள்ல இருந்துச்சு. பெட்டி இருக்கான்னு கேக்கலியே."

அவசரப் பிரிவில் விபத்துப் படிவம் இல்லாமல் நோய்த்தொற்றைத் தடுக்கும் மாத்திரை தரமாட்டார்கள். அந்தப் படிவத்தையும் டீச்சரம்மாவேதான் தயாரித்திருந்தாள். மேசை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்து மடமடவென்று நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டம்: அறியாமை, அலட்சியம், அவசரம். பேனா அங்கே வந்து நின்றது. நாலாவதாக ஒன்று இருக்கக்கூடும் என்று அதை எழுதிய நாளில் அவளுக்குத் தோன்றவே இல்லை.

தம்பி பெண்டாட்டி எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அலட்சியம்னு போட்டுடுங்க அண்ணி. உங்க ரிப்போர்ட்டு கெட்டுப் போயிடக் கூடாது."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். மனதாரத்தான் சொன்னாள். டீச்சரம்மா மூன்று கட்டத்தையும் குறுக்கே அடித்துவிட்டுக் கீழே எழுதினாள்: வார்டில் பெட்டி இல்லை. ஒரு மாதமாக இல்லை. எடுத்துப் போனவர் பயிற்சியாளர். கையெழுத்துப் போட்டாள். திறந்து கிடந்த அறிக்கையில் அந்தத் தடித்த சைபரை அடித்து ஒன்று என்று மாற்றினாள். பேராசிரியர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். சொல்லட்டும்.

"வா, மொதல்ல மாத்திரை" என்று அவளைக் கிளப்பினாள். மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு அப்படியே மேலே மூன்றாம் மாடியில் வைத்துவிட்டு வரலாம் என்று பெட்டியையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். நடக்கும்போது அது கலகலவென்று சத்தம் போட்டது. முக்கால்வாசி நிறைந்திருந்தது. ஒரு மாதமாக வகுப்பு வகுப்பாக அவள் போட்டுக் காட்டியவை. ஒன்றுகூட யார் உடம்பிலும் ஏறாத புது ஊசிகள்.