சரிகைத் துண்டும் சுக்குவின் பல்லும்

போடி ஏலக்காய் வட்டாரத்தில் சீனிச்சாமிக்கு 'விரல் மன்னர்' என்று ஒரு பட்டம் உண்டு. கொடுத்தவர் அவரேதான். ஒரு காதுகுத்து பேனரில் போட்டுக்கொண்டார். யாரும் மறுக்காததால் நிலைத்துவிட்டது.

ஒரு காலத்தில் வியாபாரிகள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது. இப்போது ஏலம் கம்ப்யூட்டரில் நடக்கிறது. பொத்தானை மகன் அழகுராஜா அமுக்குகிறான். விரல்களுக்குச் சோலி இல்லாவிட்டாலும் சீனிச்சாமியின் தோளிலிருந்து சரிகைத் துண்டு இறங்கவில்லை. சிலிண்டர் போட வந்தவர் உட்பட, வீட்டுக்கு யார் வந்தாலும் துண்டுக்குள் கையை இழுத்து வித்தை காட்டுவார்.

அப்போதுதான் மருமகள் முத்துப்பிரியா, மலைமேல் அவர்கள் எஸ்டேட்டில் பிறந்த பூனைக்குட்டியை ஜீப்பில் கொண்டுவந்தாள். அதன் தாயை அங்கிருந்த நாய்கள் கொன்றுவிட்டன. குட்டிக்கு சுக்கு என்று பெயர் வைத்தாள். மாமனாருக்கு ஓயாமல் கை கொடுக்கும் ஓர் ஆள் கிடைத்தது. துண்டுக்குள் விரலை ஆட்டுவார். குட்டி பாய்ந்து கவ்வும். பால் பல், கூசியதே தவிர வலிக்கவில்லை. "பாத்தியா, விலை கேக்குது" என்று வீடியோ எடுத்து வியாபாரிகள் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டார்.

பல் முற்றியது. ஒருநாள் கட்டைவிரலில் ரத்தம் வந்தது. விரலைவிடப் பெரிதாகக் கட்டுப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: மேலே போகும் ஜீப்பில் குட்டியும் போக வேண்டும். அந்த நாய்களுக்கு நடுவே அது ஒரு ராத்திரி தாங்காது.

"கடிக்காமப் பழக்குறேன் மாமா. அதுக்கப்புறமும் கடிச்சா நீங்க சொல்ற மாதிரி அனுப்பிருவோம்" என்றாள் முத்துப்பிரியா.

"பூனையப் பழக்குன ஆளு இந்த வம்சத்துல எவனும் இல்லத்தா."

"நான் வேற வம்சத்துல இருந்துதானே வந்தேன்."

சங்கத்தார் வந்து சீனிச்சாமிக்குப் பொன்னாடை போர்த்தப்போகும் வெள்ளிக்கிழமை வரை தவணை கிடைத்தது.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம் போட்டாள். கையை விளையாட்டுச் சாமான் ஆக்கக் கூடாது. குட்டி பல்லை வைத்தால் அடிக்கவோ கத்தவோ கையை இழுக்கவோ கூடாது. அசையாமல் வைத்திருந்து, விட்டதும் எழுந்து போய்விட வேண்டும். விளையாட வேண்டுமென்றால் கயிற்றில் கட்டிய பழைய சாக்ஸ் இருக்கிறது. அழகுராஜா கேட்டு நடந்தான். பாத்திரம் தேய்க்க வரும் மொக்கம்மாளும் கேட்டாள். கடித்தால் ஆட்டம் நின்றுபோகிறது என்பது குட்டிக்கும் விளங்க ஆரம்பித்தது.

விரல் மன்னருக்கு மட்டும் விளங்கவில்லை. ஒரு பூனைக்காகத் தன் விரலை மடக்கிக்கொண்டு உட்கார முடியாது என்றார். மத்தியானம் வீடு அசந்திருக்கும்போது துண்டுக்குள் ரகசியமாகப் பேரம் நடந்தது. கையில் என்ன காயம் என்று முத்துப்பிரியா கேட்டபோது கொசுக்கடி என்றார். கொசுவுக்கு அவ்வளவு பல் இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. வாசலில் டிரைவர் திருப்பதி ஜீப்பை நிறுத்திவிட்டுச் சாக்கோடு நின்றார். கூடத்தில் சங்கத்தார். சுக்கு மடிமடியாக ஏறி இறங்கியது. செயலாளர் பிரபாகரன் விரலை நீட்டினார். மோந்து பார்த்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தது. முத்துப்பிரியா மூச்சு விட்டாள்.

பிறகு பொன்னாடை, பேச்சு, பாராட்டு. 'மரபைக் காக்கும் மாமனிதர்' என்று ஒருவர் சொன்னார். சுக்கு கொட்டாவி விட்டது. கடைசியாக, தேவாரத்து வியாபாரி பொன்னுமணியோடு துண்டு போட்டு விலை பேசிக் காட்ட வேண்டும். அழகுராஜா போனில் படம் பிடித்தான்.

துண்டு விரிந்தது. உள்ளே விரல்கள் அசைந்தன. சுக்குவின் காது நிமிர்ந்தது. அடுத்த நொடி அது துண்டுக்குள் இருந்தது.

பொன்னுமணி கையை உதறினார். "என்னண்ணே, முள்ள வச்சு விலை பேசுறீக?"

சிரிப்பு அடங்குவதற்குள் சீனிச்சாமி எழுந்துவிட்டார். "திருப்பதி, சாக்கைக் கொண்டா."

முத்துப்பிரியா குறுக்கே வந்து துண்டை உருவினாள். "இப்ப கையை நீட்டுங்க மாமா. நல்லா ஆட்டுங்க."

சபைக்கு முன்னால் மறுக்க முடியவில்லை. நீட்டினார், ஆட்டினார். சுக்கு பார்த்தது, மோந்தது, திரும்பி உட்கார்ந்து காலை நக்கியது. பொன்னுமணியும் கடிபட்ட கையையே நீட்டிப் பார்த்தார். அதையும் மோந்ததோடு சரி.

"துண்டுக்குள்ள ஆடுனா கடிக்கணும்னு தெனமும் மத்தியானம் அதுக்குப் பாடம் நடந்திருக்கு" என்றாள் முத்துப்பிரியா. "அது சொன்னதைக் கேட்ட பூனை. சொல்லியும் கேக்காத ஆளு யாருன்னு நீங்களே பாத்துக்கங்க."

பிரபாகரன் மின்விசிறியைப் பார்த்தார். வாசலிலிருந்து திருப்பதி, "அப்ப ஜீப்புல எதை ஏத்துறது?" என்றார்.

அவள் சரிகைத் துண்டை மடித்துச் சாக்குக்குள் போட்டாள். "இதைத்தாண்ணே. மேல மேசை துடைக்க ஆகும். வெரசா போங்க, மேட்டுல மூடுபனி எறங்கிரும்."

சீனிச்சாமி வாயைத் திறந்தார். மகன் கையில் போன் இன்னும் ஓடுவதைக் கண்டு அதைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டார்.

சாயங்காலம், பூனை கையை மோந்து பார்க்கும் துணுக்கை மட்டும் மகனிடம் வெட்டி வாங்கி, 'விரல் மன்னர் பழக்கிய பூனை' என்று சங்கத்துக் குழுவில் போட்டார். முத்துப்பிரியா கணவனின் போனை வாங்கி, முழு வீடியோவையும் அதற்குக் கீழே போட்டாள்.

அதற்குள் சுக்கு, சீனிச்சாமியின் வெறும் தோளில் ஏறிப் படுத்திருந்தது. போன் விடாமல் டிங் டிங் என்றது. அவர் ஒரு விரலையும் அசைக்கவில்லை.